வலிக்கு முந்தைய நிமிடம்

அண்ணியை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது, அவர் நெற்றியை இறுக்கிக் கட்டியிருக்கும் பழைய வேட்டிக் கிழிசல்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீடு. அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்; அண்ணனுக்கு வங்கி வேலை, ஒரு சின்ன மகள்; நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு நாளாவது அண்ணிக்கு அந்தத் தலைவலி வந்துவிடும். ஜன்னலைச் சாத்திவிட்டு, துணியைக் கட்டிக்கொண்டு, அரை நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்.

பார்க்காத வைத்தியம் இல்லை. கண்ணாடி மாற்றினார்கள். சைனஸ் என்று ஆவி பிடிக்கச் சொன்னார்கள். ஒற்றைத் தலைவலி என்று கொடுத்த மாத்திரை வயிற்றைத்தான் புண்ணாக்கியது. அம்மா அவரைக் கொள்ளேகால் வழியாக மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டிப்போய் வேண்டிக்கொண்டு வந்தார். மருமகள்மேல் அம்மாவுக்குப் பாசம் உண்டு. கூடவே ஒரு மனக்குறையும் இருந்தது. “கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. கல்லு மாதிரி நிப்பா. அப்புறம் தலைவலின்னு போய்ப் படுத்துக்குவா” என்பார். “நீங்க கூப்பிட்டது கேக்கலை அத்தை” என்று அண்ணி சொல்வதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில், அண்ணனோடு வேலை பார்த்த ஒருவர் சொல்லி, ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை; நான்தான் துணை. டாக்டர் நடுவயதுப் பெண்மணி, கன்னடக்காரர். நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுத் தமிழுக்கு மாறிக்கொண்டார். வலி எங்கே, எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் விசாரித்துவிட்டு, அதுவரை எவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“போன தடவை நோவு வர்றதுக்கு ஸ்வல்ப முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

அண்ணி யோசித்தார். “துணி மடிச்சுட்டு இருந்தேன். அப்புறம் தலை வலிச்சுது. நடுவுல ஒண்ணும் ஞாபகம் இல்லை டாக்டர்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க கூட இருந்தீங்களா? என்ன பாத்தீங்க?”

பார்த்ததைச் சொன்னேன். மொட்டைமாடியில் ஏதோ சொல்லிக்கொண்டே துணி மடித்தவர், பாதிப் பேச்சில் நின்றுவிட்டார். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாயில் எதுவும் இல்லாமலே மென்றார். விரல்கள் முந்தானை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தன. கூப்பிட்டேன், பதில் இல்லை. பிறகு, விட்ட பேச்சை மறந்தவர்போலத் தண்ணீர் கேட்டார். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி அவர் முதன்முறையாகக் கேள்விப்படுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இதுவும் ஃபிட்ஸ்ல ஒரு விதமா இருக்கலாம்” என்றார் டாக்டர். “கீழ விழுந்து கை கால் இழுத்தாதான் ஃபிட்ஸ்னு இல்லைம்மா. இப்படி நின்னுட்டு, அது முடிஞ்சப்புறம் தலை வலிக்கறவங்க உண்டு. நீங்க இத்தனை நாள் வலிக்கு மட்டும் மருந்து சாப்பிட்டிருக்கீங்க. டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்.”

தலை முழுக்க ஒயர்களை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். டாக்டர் சந்தேகப்பட்டதுதான் என்று மின் அலைப் பதிவில் தெரிந்தது. ஸ்கேன் படத்தைப் பற்றி அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. “கட்டி எதுவும் இல்லையே?”

“இல்லை.”

“நிச்சயமா டாக்டர்?”

“நிச்சயமா இல்லை. மாத்திரையில கட்டுப்படுத்தலாம்.”

ஆட்டோவில் வரும்போது அண்ணி அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். அவர் சிறுமியாக இருக்கும்போதே அவருடைய அம்மா போய்விட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். எதனால் என்று அவர் சொன்னதில்லை. “அம்மாவுக்கும் தலைவலியிலதான் ஆரம்பிச்சுது. மூளையில கட்டி. எனக்கும் அதுதான்னு முடிவே பண்ணிட்டேன். அதான் உங்கண்ணனுக்குப் பாப்பாவோட தலை பின்னக் கத்துக் குடுத்துட்டு இருந்தேன்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் சீப்பும் ரிப்பனுமாக மகளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து வீடே சிரித்திருக்கிறது. விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தோம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஃபிட்ஸ் என்ற சொல்லை அம்மா எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று பயந்துகொண்டே வீட்டில் சொன்னேன். அவர் அண்ணியைப் பார்த்து, “அப்போ நான் கூப்பிட்டது நெஜமாவே உனக்குக் கேக்கலையா?” என்றார்.

“கேக்கலை அத்தை.”

அம்மா அருகில் போய் உட்கார்ந்து, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

முதலில் மாத்திரை அண்ணியைத் தூங்கித் தூங்கி விழவைத்தது. அளவை மாற்றினார்கள். மொபெட் ஓட்டக் கூடாது, அடுப்படியில் தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை வீடே சேர்ந்து காவல் காத்தது. மெல்ல மெல்ல அந்த உறைந்த நிமிடங்கள் குறைந்து நின்றுபோயின. தலைவலியும் நின்றது.

அன்றைக்கெல்லாம் யாராவது கேட்டால், சத்து மாத்திரை என்று அண்ணன் மழுப்புவார். இப்போது அண்ணிக்கு அறுபது தாண்டிவிட்டது. போன மாதம் நான் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த பெண், “என்ன மாத்திரை ஆன்ட்டி, சுகரா?” என்று கேட்டாள்.

“ஃபிட்ஸுக்கும்மா” என்று சொல்லிவிட்டு, தண்ணீரைக் குடித்து முடித்து, “காபி சாப்பிடறியா?” என்று அடுப்படிக்குப் போனார் அண்ணி.