அம்மா விற்க மறுத்த புளி

எங்கள் ஊர்ப் பெண்களின் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஜவ்வாது மலையில் எங்கள் குக்கிராமத்தில் அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. ஒன்றிரண்டு பேர் மூன்றாவது வரை போய், ஆடு மேய்க்க ஆளில்லை என்று நின்றுவிட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவள் பெரிய படிப்பாளி. எண்பத்தொன்றில் நான் பத்தாவது வந்தேன் என்றால் அது என் சாமர்த்தியமா என்ன? என் அம்மா மாதம்மாளின் பிடிவாதம். "உம் பொண்ணு இன்னா கலெக்டராவா ஆவப்போறா?" என்று கேலி பேசினவர்களிடம், "ஆவட்டுமே, உனுக்கு எங்க வலிக்குது?" என்பாள். அப்பா இல்லாத வீடு, வாய் இல்லாவிட்டால் மென்றுவிடுவார்கள்.

பள்ளிக்கூடம் மலைமேல். பரீட்சை எழுதும் இடமோ அடிவாரத்தில், ஒடுகத்தூரில். வயதுக்கு வந்த பெண் கீழே ராத்தங்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு. புளி விற்கப் போகிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சரக்கு விற்கும்வரை மண்டியில் தங்கலாம், விற்றதும் மலையேறிவிட வேண்டும்.

பரீட்சை பங்குனியில் வந்தது. புளியும் பங்குனியில்தான். அம்மா மூட்டை கட்டினாள்.

மண்டிக் கொட்டகையில் மூட்டைமேல் சாய்ந்துகொண்டுதான் படித்தேன். இன்றைக்கும் புதுப்புளி வாசம் அடித்தால் வாயில் எச்சில் ஊறுவதில்லை, வரலாற்றுப் பாடம்தான் ஞாபகம் வருகிறது. அம்மா யானை விலை குதிரை விலை சொன்னாள். மண்டிக்கார பாஷா பாய் மிரண்டுபோனார்.

"இன்னாம்மா, புளியா தங்கமா?"

"வேணும்னா வாங்குங்க பாய், இல்லாட்டி வுடுங்க."

நான் பரீட்சை எழுதிவிட்டு வருவதைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் தினமும் காலையில் மண்டியே கேட்க அடிமாட்டு விலைக்குக் கேட்பார். அம்மாவும் அதே சத்தத்தில் திட்டித் தீர்ப்பாள். அந்தக் கூத்தை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன்.

கடைசிப் பரீட்சைக்கு முதல்நாள், எங்கள் ஊர்த் தலைவரான கவுண்டர் கோபால்சாமி தன் புளியோடு மண்டிக்கு வந்தார். எங்கள் மூட்டையைப் பார்த்து, "இன்னுமா விக்கல?" என்றார். பாஷா பாய் முந்திக்கொண்டு, "கொட்ட ஜாஸ்திங்க, எனுக்கு வேணாம்" என்றார். கவுண்டருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்க மலைப் புளியவா கொற சொல்ற? மாதம்மா, நீ சொல்ற வெலைக்கு நானே வாங்கிக்கிறேன். கெளம்பு, வூட்டுக்குப் போலாம்."

பாவம், நல்ல மனுஷன், உதவி என்றுதான் நினைத்தார். அம்மா மூட்டைமேல் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"விக்கலீங்க. நான் புளி விக்க வரல. எம் பொண்ணு நாளைக்கும் பரீட்ச எழுதணும், அதுக்குத்தான் வந்தேன். கட்ட மீறிட்டேன். ஊர் கூடி இன்னா பண்ணணுமோ பண்ணுங்க."

கவுண்டர் தன் புளியை எடை போட்டுவிட்டு மலையேறிவிட்டார். மறுநாள் நான் கடைசிப் பரீட்சையும் எழுதினேன்.

ஊர் அம்மாவை ஒதுக்கி வைத்தது. யாரும் நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை. சாமை விதைக்கவும் கூப்பிடவில்லை. பரீட்சை முடிவு வந்தது. நான் பாஸ். அதன்பிறகுதான் ஊர் கூடியது.

"பொண்ணு பாஸ் பண்ணது நம்ம ஊருக்கே பெரும" என்றார் கவுண்டர். "அது மேல குத்தமில்ல. கட்ட மீறினது மாதம்மா. ஊர் கால்ல வுழுவட்டும், சேத்துக்கலாம்."

ஊருக்கே பெருமையாய், பத்தாவது படித்த நான் ஓரமாய் நிற்க, ஒரு எழுத்தும் படிக்காத என் அம்மா எல்லோர் காலிலும் விழுந்தாள். அவள் எழுந்து, புடவை மண்ணைத் தட்டிவிட்டு, ஊர் முன்னாலேயே என்னைக் கேட்டாள்.

"இதுக்கு மேல இன்னா படிப்புடி இருக்குது?"