ஆர்டிஸ் அம்மாளின் கேக் தட்டு

எங்கள் மினசோட்டா வட்டாரத்தில் ஆர்டிஸ் டோலெஃப்சனைத் தெரியாத கட்சிக்காரர் கிடையாது. பல் டாக்டரின் மனைவி. ஏழு வருடத்துக்கு முன்பு எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் அலுவலகப் பெண்ணின் மேல் கை வைத்தான் என்று செய்தி வந்ததும், கொட்டுகிற பனியில் தினமும் போய் அவன் வீட்டு வாசலில் நின்றவர். "பொண்ணு சொன்னா நம்பணும். விசாரணை கிசாரணைன்னு இழுக்கக் கூடாது" என்பார். நானும் கூட நின்று மூக்கு சிவந்தவன்தான்.

இந்த வருடம் கை வைத்தது எங்கள் ஆள், செனட்டர் லைல். கட்சியின் மீன் விருந்தன்று, சமையலறையில் ரோண்டாவின் இடுப்பைப் பிடித்தார். பதினான்கு வருடமாக எங்கள் விருந்துக்கெல்லாம் ரோண்டாதான் பாத்திரம் கழுவுகிறாள். மற்ற நாளில் மோட்டலில் அறை துடைக்கிறாள்.

"விசாரிக்கட்டும் ரோண்டா. தேர்தல் முடியட்டும். லைல் தோத்தா யாருக்கு லாபம், நீயே சொல்லு" என்றார் ஆர்டிஸ்.

"தேர்தல் முடிஞ்சா என்னை நம்புவீங்களா?"

ஆர்டிஸ் காபி ஊற்றிக் கொடுத்தார்.

எங்கள் மாநாட்டில் கோரிக்கைக்குக் கை தூக்குவது கிடையாது. பள்ளி விளையாட்டுக் கூடத்தில், கோரிக்கை வைப்பவர்கள் அதை ஆளுக்கோர் அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். மற்றவர்கள் தங்கள் மனசுக்குப் பிடித்த அட்டையின் கீழ் போய் நிற்க வேண்டும். விசில் ஊதினால் அசையக் கூடாது. பத்துப் பேர் சேர்ந்தால்தான் கோரிக்கை மேடையேறும். ரோண்டாவின் அட்டையில், லைலுக்கு சீட் கூடாது என்று எழுதியிருந்தது.

அவளையும் சேர்த்து ஒன்பது பேர் தேறினார்கள். எல்லாம் மோட்டல், கேன்டீன் ஆட்கள். ஆர்டிஸ் எலுமிச்சை கேக் தட்டோடு கூடம் முழுக்கச் சுற்றிவந்தார். எதிராளிக்கும் தின்னக் கொடுக்காமல் எங்கள் ஊர்க்காரர்களால் சண்டை போட முடியாது. ரோண்டாவிடம் அவர் தட்டை நீட்டிய நேரம், விசில் ஊதிவிட்டார்கள்.

எண்ணுகிறவர் வந்தார். "எட்டு, ஒம்பது... அட, பத்து ஆயிடுச்சே."

"நான் கேக் குடுக்க வந்தேன். என்னைக் கழிச்சிடுங்க" என்றார் ஆர்டிஸ்.

"ஆர்டிஸ், லைல் அந்தக் கட்சியா இருந்திருந்தா?" என்று ரோண்டா மெதுவாகக் கேட்டாள்.

"அப்படின்னா முத ஆளா நான்தானே நின்னிருப்பேன்." பெருமையாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு காதுவரை சிவந்தார். ஆனாலும் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லவில்லை.

"அப்போ ஒம்பது. கலைஞ்சிடுங்க" என்றார் எண்ணுகிறவர்.

நான் பத்தடி தள்ளி, ரோட்டுப் பள்ளத்தை மூடச் சொல்லும் அட்டையின் கீழ் நின்றிருந்தேன். அங்கே முப்பத்திரண்டு பேர். விசில் ஊதியாயிற்று, இனி அசையக் கூடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விசிலுக்கு முன்னால் முழுசாக இருபது நிமிடம் இருந்தது.