சிவப்புப் பாயிண்ட்

அந்தத் தோல் கம்பெனியில் நான் அண்ணே என்று கூப்பிட்டது தலைமைக் கணக்கர் ஒருவரைத்தான். மற்றவர்கள் எல்லாம் சார். எனக்கு டைப்பிஸ்ட் வேலை வாங்கித் தந்தவரும் அவரே. "என் தங்கச்சி மாதிரி" என்று முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். அந்த ‘மாதிரி’யை நான் அப்போது கவனிக்கவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதி. ஆம்பூரில் ஏற்றுமதி சூடு பிடித்திருந்த நேரத்தில் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ஆபீசில் அதைத் தொடத் துணிந்தவள் நான்தான். வேலூருக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தேன். சீசன் முடியும்வரை ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் ஆபரேட்டர் வேலை எனக்கே நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் இடிபட்டு வந்ததெல்லாம் அந்த வார்த்தையை நம்பித்தான்.

தொல்லை கரண்டுதான். வரும், போகும், யாரையும் கேட்காது. கம்பெனியில் ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் அது தோல் ஊறும் டிரம்களுக்கு. டிரம் சுற்றாமல் நின்றால் உள்ளே இருக்கும் தோல் கெட்டுவிடும். ஆபீஸ்காரர்களுக்கு வியர்த்தால் ஒன்றும் கெட்டுவிடாது. அதனால் கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு பேட்டரிப் பெட்டி வைத்தார்கள். கரண்டு போனதும் அது கீச் கீச்சென்று கத்தும். உடனே வேலையைச் சேமித்து, டிஸ்க்கை நிறுத்தி, பிறகு கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும். அதற்குள் பட்டென்று நின்றுவிட்டால் டிஸ்க் உரசிப் பாழாகிவிடும். பெட்டி பத்து நிமிஷம் தாங்கும் என்றார்கள்.

பெட்டியிலிருந்து வரும் லைனில் வேறு யாரும் கை வைக்காமலிருக்க அடையாளம் போடலாம் என்று யோசனை சொன்னவர் அண்ணன். என் நெயில் பாலீஷை வாங்கிப் போய், பிளக் மாட்டும் பாயிண்டைச் சுற்றிப் பூசினார். "செவப்பு பாயிண்ட்ல கம்ப்யூட்டர் தவிர ஒரு பல்பு கூட மாட்டக் கூடாது, சொல்லிட்டேன்" என்று ஆபீஸ் முழுக்க அறிவித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பாட்டில் பாதி காலியாகித் திரும்பி வந்தது.

"இன்னா அண்ணே, சுவருக்கே பூசிட்டீங்களா?" என்றேன்.

"ரெண்டு கோட்டிங் அடிச்சேம்மா" என்றார்.

வெயில் ஏற ஏற, கரண்டு போவது ஜாஸ்தியானது. கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் பெட்டி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அதை ஆஃப் பண்ணிவிடட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். "அதைத் தொடாத. கரண்டு வர்ற வரைக்கும் அப்டித்தான் கத்தும். நீ பேஜார் ஆகாத" என்றார். அவர் சொன்னால் எனக்கு மறுபேச்சு ஏது? கரண்டு போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லா குமாஸ்தாக்களும் அவர் அறைக்குப் போனார்கள். மேலதிகாரி மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பலுக்குப் போகும் சரக்கின் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பகலில் கரண்டு போனது. தலைக்கு மேல் ஃபேன் ஓய்ந்தது. பெட்டி கத்தியது. நான் சேமிக்கத் தொடங்கினேன். பாதிகூட முடியவில்லை, திரை கறுத்தது. உள்ளிருந்து கிர்ரென்று ஒரு சத்தம்.

அண்ணே என்று கத்தியபடி பக்கத்து அறைக்கு ஓடினேன். அங்கே மேஜை மேல் அவருடைய ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. என் கண் முன்னால்தான் வேகம் குறைந்து நின்றது. மற்ற ஃபேன்கள் எல்லாம் எப்போதோ நின்றுவிட்டன. ஒயரைக் கண்ணால் தொடர்ந்தேன். மேஜைக்குப் பின்னால், எங்கள் இரு அறைகளுக்கும் நடுவிலிருந்த பலகைத் தடுப்பில் ஒரு பாயிண்ட். அதைச் சுற்றி என் நெயில் பாலீஷ். அதிலும் வேறு யாரும் எதையும் மாட்டிவிடக் கூடாதாம்!

முதலாளியை அழைத்து வருவதற்குள் அங்கே பிளக் இல்லை.

"செவப்பு பாயிண்ட்டா? கம்ப்யூட்டரை இந்தப் பக்கம் மாத்தினா வேணுமேன்னு போட்டு வெச்சது. எதுனா மாட்டியிருக்கா, பாருங்க சார்" என்றார் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தி, "கரண்டு போனா பதறிப் போய் ஸ்விட்ச்ச அணைச்சிடுது சார். சின்னப் பொண்ணு. திட்டாதீங்க" என்றார்.

எனக்காகப் பரிந்து பேசுகிறாராம்! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஃபேன் காற்றில் தினமும் சோறு தின்ற குமாஸ்தாக்களைத் திரும்பிப் பார்த்தேன். ஆளுக்கொரு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா, தப்பு பண்ணா ஒத்துக்கணும். பெரியவர் மேல பழி போடுவியா?" என்றார் முதலாளி.

டிஸ்க் பாழாகியிருந்தது. கம்ப்யூட்டருக்கு வேறொருவர் வந்தார். நான் பழையபடி டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முதல் நாள் அண்ணன் தன் கையாலேயே எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார்.

"இதுக்குக் கரண்டே வேணாம்மா. ஒனக்கு இனி தொல்லையே இல்ல" என்றார்.

"தேங்க்ஸ் சார்" என்றேன்.

அதற்கப்புறம் அவரை நான் அண்ணே என்று கூப்பிடவே இல்லை. மரியாதை தெரிந்த பெண் என்று நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாராம்.