நெற்றியில் தடித்த இரும்பு

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "இரும்புக்கு ஸ்கேன் எடுக்கிறனான்" என்பார் சத்தியபாமா. கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மைதான். எண்ணெய்க் குழாய்களும் கப்பல் தகடுகளும் உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கின்றனவா என்று பார்ப்பது அவருடைய தொழில். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைப்பதைப் போன்ற ஒரு சிறு கருவியை இரும்பின் மேல் வைப்பார். ஒலி உள்ளே போய் மறுபக்கத்தில் பட்டுத் திரும்பும். தகடு எவ்வளவு தடிப்பு என்று அதை வைத்துக் கருவி சொல்லிவிடும்.

எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து, நோர்வேயின் வடகோடி மீன்பிடி ஊரான பாட்ஸ்பியோர்டுக்கு வந்தவர். மீன் தொழிற்சாலையில் விரல்கள் விறைக்க மீன் வெட்டியவர். பிறகு ஒஸ்லோவுக்கு மாறி, பிள்ளையைப் பராமரித்துக்கொண்டே படித்து இந்த வேலைக்கு வந்தார். கணவர் பாலேந்திரன் பஸ் ஓட்டுகிறார். ஒஸ்லோவின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவா என்ற பகுதியில் குடியிருக்கிறார்கள்.

2006ஆம் ஆண்டு மாசி மாதம், நகரத்தின் சிறிய காட்சிசாலை ஒன்றிலிருந்து அவருடைய நிறுவனத்துக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர் மாரித். பழைய உலோகப் பொருட்களைப் பழுதாகாமல் காப்பது அவருடைய பணி. ஒரு குடும்பம் தங்கள் வீட்டில் கிடந்த இத்தாலியத் தலைக்கவசம் ஒன்றைக் காட்சிசாலைக்குக் கொடுத்திருந்தது. அறுநூறு ஆண்டுகளுக்குக் கிட்ட முன்பு மிலான் பக்கத்துப் படைவீரன் ஒருவன் அணிந்தது என்று அந்தக் குடும்பம் சொன்னது. அசலா, பிற்காலத்தில் செய்த நகலா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

சத்தியபாமா கருவிப் பெட்டியோடு போனார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் கவசத்தை வைத்திருந்தார்கள். உச்சியிலிருந்து கழுத்து வரைக்கும் ஒரே வழவழப்பாக இறங்கிய இரும்பு. முகத்துக்கு நேரே கண்ணும் வாயும் தெரியும்படி மட்டும் ஒரு திறப்பு. நடு உச்சியில் முன்னிருந்து பின்னாக ஒரு மெல்லிய வரம்பு ஓடியது.

"இதில் ஒட்டு எங்கே?" என்று நோர்வே மொழியில் கேட்டார்.

"ஒட்டே இல்லை. ஒரே தகட்டை அடித்து அடித்து இப்படி எடுத்திருக்கிறார்கள்" என்றார் மாரித். "வாள் வந்து விழுந்தால் அந்த வரம்பில் பட்டு வழுக்கிப் போய்விடும்."

ஒட்டு இல்லாத இரும்பை சத்தியபாமா தன் தொழிலில் அதிகம் கண்டதில்லை. ஒலி உள்ளே இறங்குவதற்காக, மாரித் தேர்ந்தெடுத்த களிம்பை ஒரு பொட்டளவு தொட்டு வைத்து, நெற்றியில் கருவியைப் பிடித்தார். நல்ல தடிப்பு. கன்னத்தில் குறைந்தது. பிடரிக்குப் போனபோது பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

"துரு தின்றிருக்கிறது" என்றார். குழாய்களில் அப்படித்தான், மெலிந்த இடம் என்றால் அது பழுதான இடம்.

ஆனால் அவருக்கே திருப்தி வரவில்லை. இடப்பக்கம் பார்த்த அதே இடங்களை வலப்பக்கமும் பார்த்தார். அதே மாதிரி, அதே ஒழுங்கில் மெலிந்துகொண்டு போனது. கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

"துரு இவ்வளவு ஒழுங்காகத் தின்னாது, மாரித். செய்தவனே இப்படிச் செய்திருக்கிறான். அடி விழும் இடத்தில் இரும்பை விட்டுவைத்து, விழாத இடத்தில் மெலித்திருக்கிறான். பாரம் குறையவேண்டும் என்று."

மாரித் கையுறையைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே கண் துடைத்தார். "நகல் செய்கிறவன் இவ்வளவு மெனக்கெடமாட்டான்" என்றார். அந்தக் கொல்லனிடம் அளக்கும் கருவி ஏது? விரலும் காதும்தான் இருந்திருக்கும். சுத்தியல் விழும் ஓசை மாறுவதைக் கேட்டே நிறுத்தியிருப்பானோ என்று சத்தியபாமா நினைத்தார். அப்படியானால் தானும் அவனும் ஒரே ஓசையைத்தான் கேட்கிறோம் என்று தோன்றியதும் கருவியை மறுபடி கையில் எடுத்தார்.

இடது கண்ணுக்கு மேலே ஒரு பள்ளம் இருந்தது. கோடரியோ கனத்த வாளோ விழுந்த தழும்பு. சத்தியபாமா அதைச் சுற்றிச் சுற்றி நிதானமாகத் தேடினார். எங்கும் வெடிப்பு இல்லை.

"ஆள் தப்பியிருப்பானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இந்த அடிக்குத் தப்பியிருப்பான்."

யாழ்ப்பாணத்தில் சத்தியபாமாவின் வீட்டுக்குத் தகரக் கூரை. ஷெல் விழுந்த அன்று, துண்டுகள் அதைக் கடதாசி மாதிரிக் கிழித்துக்கொண்டு வந்தன. கீழே படுத்திருந்த அவருடைய சின்னண்ணன் எழும்பவில்லை. தலையைக் காக்கவென்றே ஒருவன் இவ்வளவு யோசித்து அடித்த இரும்பை அவர் இப்போதுதான் தொடுகிறார். உள்ளங்கையை அந்தப் பள்ளத்தின் மேல் வைத்து அப்படியே நின்றார். மாரித் அவரை அவசரப்படுத்தவில்லை.

"ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா?"

"அதற்கு அனுமதி இல்லை" என்றார் மாரித். பிறகு தானே கவசத்தை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தார். "குனிந்து உள்ளேயிருந்து பாருங்கள்."

உட்புறம் மினுக்கப்படாமல் இருந்தது. சுத்தியல் பட்ட ஒவ்வொரு தடமும் மீன் செதில் போல அடுக்கடுக்காக, நேற்று அடித்தது மாதிரிக் கிடந்தது. திறப்பு வழியே ஜன்னலும் பனியும் ட்ராம் வண்டியும் தெரிந்தன. அவருடைய மூச்சு அவருக்கே பெரிதாகக் கேட்டது.

வீட்டில் சொன்னபோது பாலேந்திரன் சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"ஒரு இரும்புச் சட்டிக்கு இவ்வளவு கதையோ?"

"நீங்கள் பாக்கேல்லை. பாத்தால் இப்பிடிக் கதைக்கமாட்டியள்."

கோடைக்குள் வேறு பரிசோதனைகளும் முடிந்தன. கவசம் அசல்தான் என்று மாரித் தொலைபேசியில் சொன்னார். அந்த விடுமுறைக்கு லண்டனில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாக இருந்தது. சத்தியபாமா மாட்டேன் என்றுவிட்டார். மிலானுக்குத்தான் போனார்கள்.

அங்கே ஒரு காட்சிசாலையில் கண்ணாடிக்குப் பின்னால் அப்படிப்பட்ட கவசங்கள் வரிசை வரிசையாக இருந்தன. தூரத்திலிருந்து எல்லாம் ஒரே அச்சு. கிட்டப் போனால் ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம், ஒன்றின் உச்சி கூர்மை. ஒவ்வொன்றும் ஒவ்வொருவனுடைய தலை. வெயிலில் நடந்து களைத்து முணுமுணுத்துக்கொண்டு வந்த பாலேந்திரன், கடைசி வரிசையில் ஒரு சிறிய கவசத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"இதுக்குள்ளை ஒராள் வேர்த்து விறுவிறுத்து நிண்டிருப்பான், என்ன?"

"ஓம்."

"சின்னப் பெடியன் போலை. தலையைப் பாரும்."

சத்தியபாமா பக்கத்தில் போய் நின்றார். காவலாளி வந்து மூடும் நேரம் என்று சைகை காட்டும்வரை இருவரும் அங்கிருந்து அசையவில்லை.