பார்க்காமல் போன டிரே

திரையரங்கில் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, அக்கா மட்டும் எழுந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. படத்தில், அனுப்பிய ராக்கெட் கடலில் விழுந்துவிட்டது. தலைவர் மெதுவாகக் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து, "யார் தப்பு என்று நான் கேட்கப்போவதில்லை. அவரவருக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், போதும்" என்கிறார். கடைசி வரிசையில் ஒல்லியான ஒருவர் எழுந்து, "ஐயா, ஒரு சோதனையைச் செய்யாமலே செய்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்கிறார். அந்த நொடியில்தான் என் பக்கத்து இருக்கையில் இவளும் எழுந்தாள். "அக்கா, உக்காருங்க, மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். நான் புடவையைப் பிடித்து இழுத்தேன். அசைந்தால்தானே! மடியிலிருந்த பாப்கார்ன் முழுக்க என் காலில் கொட்டியது. எனக்கு மானமே போய்விட்டது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. சேதராப்பட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அடுத்த மேசையில் இருந்தவள். வளையல் மாதிரிச் சின்னதும் பெரியதுமாக ரப்பர் வளையங்கள் செய்வோம். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் கசியாமல் இருக்கப் போடுவது. அக்காவுக்குச் சோதனை வேலை, எனக்குப் பேக்கிங். ஒவ்வொரு வளையத்தையும் விரலில் மாட்டிச் சுற்றிப் பார்ப்பாள், பிறகு பூதக்கண்ணாடிக்கு அடியில் வைப்பாள். கண்ணுக்குத் தெரியாத வெட்டு அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். "இது நொள்ள" என்று தூக்கி வீசினால் மேனேஜரே வந்தாலும் மறுபேச்சு கிடையாது. கையில் ரப்பர் வாடை மட்டும் போகவே போகாது. மதியம் மோர்சாதம் சாப்பிட்டாலும் டயர் கடித்த மாதிரிதான் இருக்கும்.

எங்கள் வளையம் வயல் பம்புசெட்டுக்கும் போகும், பால் பண்ணைக்கும் போகும், கொஞ்சம் ராக்கெட்டுக்கும் போகிறது என்று சொன்னார்கள். எது எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் ராக்கெட் விடும் நாளில் மேனேஜரே எங்களை மொட்டைமாடிக்கு அனுப்புவார். வடக்கே ஒரு கோடு தெரியும் என்று எல்லாரும் கை காட்டுவோம். நிஜமாகவே தெரிந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். நான் சேர்ந்த புதிதில் அக்காதான் முதல் ஆளாக மாடிப்படி ஏறுவாள். பிறகு எப்போதோ ஏறுவதை விட்டுவிட்டாள். கேட்டால் தலைவலி என்பாள். டி.வி.யில் ராக்கெட்டைக் காட்டினால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ராக்கெட் விட்டாலே வருகிற தலைவலியா என்று நான் எத்தனையோ நாள் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கம்பெனியை மூடி வருஷக்கணக்காகிவிட்டது. அக்கா தவளக்குப்பத்தில் மகன் வீட்டோடு இருக்கிறாள். போன வருஷம் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பள்ளித் தோழிகள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று அந்தப் படத்துக்குப் போக ஒற்றைக்காலில் நின்றாள். துணைக்கு அக்காவைக் கூப்பிட்டேன். என்ன படம் என்று மட்டும் சொல்லவில்லை. பேய்ப் படம் என்றுகூட நினைத்திருப்பாள், பாவம். 'உண்மைச் சம்பவங்களைத் தழுவியது' என்று திரையில் வந்ததும், "தழுவியதுன்னா எவ்ளோடி, முக்காவாசியா?" என்று என் காதில் கேட்டாள். ராக்கெட் வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

நடந்த கதையைப் படமாக எடுத்தால் முடிவு எல்லாருக்கும் முன்பே தெரியும். முதல் முறை விழுந்தது, அடுத்த முறை போய்ச் சேர்ந்தது என்று என் மகள் வீட்டிலேயே கதை முழுவதையும் ஒப்பித்திருந்தாள். அப்படியும் எண்ணிக்கை பத்து, ஒன்பது என்று இறங்க இறங்க என் கையைப் பிடித்துக் கசக்கிவிட்டாள். கற்பனைக் கதை என்றால், எழுதியவர் எப்படியாவது காப்பாற்றிவிடுவார் என்று ஒரு தைரியம் இருக்கும். இதில் அந்தத் தைரியம் இல்லை. அந்த அறையில் இருந்தவர்கள் நிஜமாகவே ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தவர்கள். வீட்டில் குழம்பு வைத்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்தவர்கள். அதை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது. அக்காவும் அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

படம் விட்டதும் கடற்கரைச் சாலைக்கு நடந்தோம். மகள் மக்காச்சோளக்காரரிடம் ஓடிவிட்டாள். அக்கா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒரு டிரேவ நான் பாக்காமலே உட்டுட்டேன்டி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வளையம் அடுக்கிய ஒவ்வொரு டிரேயிலும் சோதித்தவர் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பேனாவைத் தேட முடியாது என்று காலையில் டீ குடிக்கும்போதே இருபது சீட்டில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு, டிரேக்கு ஒன்றாகப் போட்டுவிடுவார்கள். எல்லா மேசையிலும் இதுதான் நடைமுறை, மேனேஜருக்கும் தெரியும். பார்த்தது இடது பக்கம், பார்க்காதது வலது பக்கம். அவ்வளவுதான் கணக்கு. அன்றைக்குச் சரக்கு ஏற்றும் வண்டி சீக்கிரம் வந்துவிட்டதாம். அக்கா முகம் கழுவிவிட்டுத் திரும்பிவந்தால் வலது பக்கத்து டிரேக்களில் ஒன்றைக் காணவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டி கேட்டில் நின்றுகொண்டிருந்தது.

"ஓடிப் போயி நிறுத்தியிருக்கலாம்" என்றாள். "நிக்கறேன், நிக்கறேன், காலு நவுரல. வண்டி பூடுச்சி. நாலு மாசம் கழிச்சி ராக்கெட்டு உழுந்துட்டுதுன்னு நியூஸ்ல சொல்றான். அன்னிலேருந்து தூக்கம் போச்சி எனக்கு."

"ஐயே, பம்புசெட்டுக்குப் போன டிரேவா இருந்திருக்கும்" என்றேன்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாதே, அதாண்டி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தன வருஷமா இத வயித்துல வெச்சிக்கினு இருந்தியா? அன்னிக்கே மேனேஜர்கிட்ட சொல்லித் தொலச்சிருந்தா இன்னா? உன் வேலைக்குச் சமமா அங்க யாரு இருந்தா? உன்ன தூக்கியிருப்பாங்களா?"

"என்னத் தூக்கியிருக்க மாட்டாங்க" என்றாள்.

சோளம் தின்றுகொண்டிருந்த மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. மேசையிலிருந்து டிரேயை எடுத்துப் பேக் செய்வது யார் வேலை? ராக்கெட் விழுந்ததற்கு நாலு மாதம் முன்பு என்றால், நான் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. இடது, வலது எல்லாம் இன்னும் மண்டையில் ஏறவில்லை. சீட்டில் கையெழுத்து இருந்தால் எடுத்துக் கட்டிவிடுவேன். வீட்டுக்காரர் விபத்தில் காலொடிந்து படுத்திருந்தார், என் சம்பளம்தான் சோறு. வண்டியை நிறுத்தியிருந்தால், "எடுத்தது யார்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும்.

"அக்கா, நானா எடுத்தேன்?"

"உனக்கு இன்னாடி தெரியும் அப்ப. புள்ளப்பூச்சி மாதிரி இருந்த."

நான் அழுத அழுகையைப் பார்த்து, நடைபயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் நின்று விசாரித்துவிட்டுப் போனார். சினிமா பார்த்து அழுகிறாள் என்று அக்கா அவருக்குச் சொல்லி அனுப்பினாள். ஒரு விதத்தில் அது பொய்யும் இல்லை. அந்த ஒல்லி மனிதர் எழுந்து நின்றிராவிட்டால் இவள் வாயைத் திறந்திருக்கவே மாட்டாள். அந்தக் காட்சி நிஜமாக நடந்ததா, எடுத்தவர்கள் சேர்த்ததா, எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கவும் விருப்பமில்லை.

போன மாதம் மறுபடி ஒரு ராக்கெட் விட்டார்கள். நேரலையைப் பார்க்க மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா அடுப்படிக்குப் போகவில்லை, பாயில் எங்களோடு உட்கார்ந்திருந்தாள். எண்ணிக்கை தொடங்கியதும் எனக்குத்தான் உட்கார முடியவில்லை. எழுந்து வாசல் பக்கம் போகப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இன்னாடி, உனக்கும் வயித்தக் கலக்குதா?"

"ஆமாக்கா."

"அப்பாடி" என்று காலை நீட்டிக்கொண்டாள். "அப்ப எனக்கு இனிமே பாதிதான்."