கங்காணிக்கு இரண்டு கோடு இன்சுலின்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வீராசாமி அண்ணன் கூப்பிட்டார். கண் மங்கிப்போனதிலிருந்து ஊசிக்குழாயில் உள்ள கோடுகள் அவருக்குத் தெரிவதில்லை. "தம்பி, பத்துக் கோட்டுக்கு இழுத்து மட்டும் குடு, குத்திக்கிறத நான் குத்திக்கிறேன்" என்றார். இழுத்தேன். காற்றுக்குமிழைத் தட்டி வெளியேற்றும்போது ஒரு சொட்டு என் பெருவிரலில் விழுந்தது.

இன்சுலினுக்கு ஒரு வாசனை இருக்கிறது, தெரியுமா? கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரையும் காயத்துக்கு ஒட்டும் புதுப் பிளாஸ்டரும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. மூக்கில் பட்டதும் ஊசியைக் கொடுக்காமல் கேட்டேன்.

"சாப்ட்டீங்களாண்ணே?"

"சாப்ட்டேன்பா."

"என்னா சாப்ட்டீங்க?"

"ரொட்டி."

"எத்தன ரொட்டி?"

அவர் ஊசியை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ என்னா, பொலீஸா?" என்றார்.

பொலீஸ் இல்லை. ஒரு பூனைக்கு மாதக்கணக்கில் ஊசி போட்டவன். அதிலும் ஒரு நாள் போடக்கூடாத நேரத்தில் போட்டவன். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

அந்தப் பூனையின் பெயர் கங்காணி. நாங்கள் வைத்த பெயர் இல்லை, தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான எங்கள் லயமே வைத்தது. பெரிய சாம்பல் நிறக் கடுவன். விடியற்காலையில் பெண்கள் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பும்போது, இதுவும் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும். ஒவ்வொரு வாசலிலும் நின்று உள்ளே பார்க்கும், யார் இன்னும் கிளம்பவில்லை என்று கணக்கெடுப்பதுபோல. "கங்காணி வந்துட்டாரு, ஓடுங்கடி" என்று சிரிப்பார்கள். பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. அதனால் அதன் நடையைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது எனக்கும் தனத்துக்கும் கொஞ்சம் பெருமைகூட.

தனம் என் மனைவி. லயத்தை விட்டு ஒரு தனி வீடு கட்ட வேண்டும் என்று அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். நான் பதுளை பஜாரில் ஒரு பெயின்ட் கடையில் வேலை பார்த்தேன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். எழுதி ஒட்டியிருக்கும் எதைப் பார்த்தாலும் எனக்குப் பாதி நம்பிக்கை, பாதிப் பயம். பெயின்ட் டின்னில் கலர் பெயரை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். முதலாளி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் இருபது வருசத்தில் ஒரு தடவைகூடக் கலர் மாற்றிக் கொடுத்ததில்லை, அதையும் அவரே சொல்வார்.

அவள் போன சில மாதத்தில் கங்காணி மெலிந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது. பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து, முயல் மாதிரி நடந்தது. கொல்லையில் அது மூத்திரம் பெய்த இடத்தை எறும்பு மொய்த்தது. எறும்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். பதுளையில் மிருக வைத்தியரிடம் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். சிங்களவர், நம்முடைய தமிழ் கொஞ்சம் பேசுவார். "சீனி வருத்தம். ஊசி போடணும், காலை ரெண்டு கோடு, பின்னேரம் ரெண்டு கோடு. சாப்பாடு பாத்து ஊசி. சாப்பாடு இல்ல, ஊசி குறை. தெரியும்தானே?" என்றார்.

தெரியும் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து வேர்த்துப்போய் நின்றேன். ஊசியா? நானா?

எனக்கு ஊசி போடச் சொல்லிக் கொடுத்தது தனம்தான், போனில். அவள் வேலை செய்த வீட்டில் ஒரு படுத்த படுக்கையான கிழவி, 'பெரிய மேடம்'. அந்த அம்மாவுக்கு இன்சுலின் போடுவது தனத்தின் வேலை. நான் போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்து, கங்காணியை மடியில் அமுக்கிப் பிடிப்பேன். எனக்குக் காலை ஏழரை, அவளுக்கு அப்போதுதான் ஐந்து மணி. "தோலக் கூடாரம் மாதிரி தூக்குங்க. அங்கன இல்ல, கொஞ்சம் மேல. பயப்படாதீங்க. ஐயோ, என்னங்க, பூனைதானே, புலியா அது?" என்று அடிக்குரலில் திட்டுவாள். அந்த வீட்டார் எழுந்துவிடக் கூடாதே.

மருந்துப் போத்தல் நாலு வீடு தள்ளி இருந்த பாக்கியம் அக்காவின் ஃபிரிஜ்ஜில் இருந்தது. எங்கள் வரிசையில் ஃபிரிஜ் அங்கே மட்டும்தான். தினம் இரண்டு தடவை அவர் வாசலில் போய் நிற்பேன். "வந்துட்டாருய்யா டொக்டரு. மனுசனுக்கே மருந்தில்லேங்கிறான், பூனைக்கு ஊசியாம்" என்பார். சொல்லிக்கொண்டே போத்தலை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்துத் தருவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

நீங்கள் சிரிக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பூனைக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த அன்றே வீட்டில் சீனி வாங்குவதை நிறுத்திவிட்டேன். இரண்டு மணி சீனி தரையில் சிந்தி, அதைக் கங்காணி நக்கிவிட்டால்? அந்த நினைப்பே போதும், தூக்கம் போய்விடும். வெறும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, பெரிய தியாகம் செய்தவன்போல இருந்தேன். அந்தத் தியாகம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரு மழை நாளில் மீன் வேன்காரன் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன குடலைக் கங்காணி தின்றுவிட்டது. சாயங்காலம் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. மறுநாள் காலை அது எழுந்து நடக்கவே இல்லை. லீவு கேட்டபோது முதலாளி, "பூனைக்கு வயித்தாலயா? எனக்கு வந்தாக்கூட நீ லீவு போடமாட்ட" என்றார். வைத்தியர் தோலுக்கடியில் சேலைன் ஏற்றினார். முதுகில் ஒரு சின்ன மூட்டைபோலத் தண்ணீர் நின்றது. மெல்ல வடிந்துவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார். நான் அதை மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். வடிந்தால் ஏன் வடிகிறது என்று பயம், வடியாவிட்டால் ஏன் வடியவில்லை என்று பயம்.

வாந்தி நின்றது. ஆனால் அது சாப்பிடவில்லை. கோழி அவித்து, நார் நாராகப் பிய்த்து, உள்ளங்கையில் வைத்து நீட்டுவேன். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எதையோ மரியாதையாக மறுக்கிறவர்போல.

வாந்தி எடுத்த அன்றே தனத்திடம் சொல்லியிருந்தேன். அவள் அழுதுவிட்டாள். அழுகைச் சத்தத்தில் யாரோ எழுந்து வந்து அரபியில் கத்த, போன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் எடுக்கவே இல்லை. அந்த இரண்டு நாளில் நான் என்னென்ன நினைத்தேன் என்று சொன்னால் ஒரு நாள் போதாது. போனைப் பிடுங்கிவிட்டார்கள், அடித்துவிட்டார்கள், அறையில் பூட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை, ஞாயிற்றுக்கிழமை, அவள் முகம் போனில் தெரிந்ததும், இனி இவளை அழவைக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

"சாப்ட்டுச்சா?" என்றாள்.

"சாப்ட்டுச்சு."

"நல்லா சாப்ட்டுச்சா?"

"கோழி பூரா சாப்ட்டுச்சு. நீ சாப்ட்டியா?"

"ம், சாப்ட்டேன். அப்ப ரெண்டு கோடு போடுங்க."

இங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். வைத்தியர் சொன்னது மறந்துபோகவில்லை. ஆனால் இரண்டு நாளாக ஊசி போடவில்லை, இன்றைக்கும் போடாவிட்டால் சீனி ஏறி ஏதாவது ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம். இரண்டு பயமும் மோதிக்கொண்டிருக்கும்போது, அவள் சொல்லிவிட்டாளே என்று ஒரு சாக்குக் கிடைத்தது. அவள் அதை என் பொய்யை வைத்துச் சொன்னாள் என்பது அந்த நேரத்தில் மண்டைக்குள் போகவில்லை. போட்டுவிட்டேன்.

பத்து மணி இருக்கும். அடுப்படியிலிருந்து கங்காணி வெளியே வந்தது. குடித்தவன்போல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எழுந்தது, மறுபடி சாய்ந்தது. கண்மணி இரண்டும் கறுப்பாக விரிந்து, என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தது. கூப்பிட்டேன், காதுகூட அசையவில்லை. வைத்தியருக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. தனத்துக்குப் போட்டேன். கூப்பிடக்கூடாத நேரம். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று போட்டேன். எடுத்தாள். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.

"என்னங்க, இந்நேரத்துல?"

போனைப் பூனைப் பக்கம் திருப்பினேன். அவள் ஒரு நொடிதான் பார்த்தாள்.

"அது சாப்புடலதானே?"

நான் பூனையைத் தூக்கி மடியில் வைத்தேன்.

"சொல்லுங்க! சாப்ட்டுச்சா, இல்லியா?"

"இல்ல, தனம். மூணு நாளா ஒண்ணுமே சாப்புடல."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சீனியக் கரைங்க, கெட்டியா" என்றாள்.

"சீனி வருத்தத்துக்குச் சீனியா?"

"பெரிய மேடத்துக்கும் இப்புடி ஆயிருக்கு, நான் பாத்துருக்கேன். வாயில ஊத்தாதீங்க, பொரை ஏறிரும். விரல்ல தொட்டு ஈறுல தேயுங்க. ஓடுங்க!"

சீனிக்குக் கையை நீட்டியபோதுதான் தெரிந்தது, வீட்டில் ஒரு மணிகூட இல்லை. மாதக்கணக்காக நான்தானே வாங்காமல் இருந்தேன். வெறுங்காலோடு ஓடினேன்.

"அக்கா, சீனி!"

"தேத்தண்ணிக்கா?" என்றார் பாக்கியம் அக்கா.

"கங்காணிக்கு!"

"என்னாது?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் வேறொன்றும் கேட்கவில்லை. டின்னோடு எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். அவருக்கு முழங்கால் வலி. ஆனாலும் எனக்கு முன்னால்தான் ஓடினார்.

தேய்த்தோம். ஈறு சில்லிட்டிருந்தது. தேய்த்தோம், தேய்த்தோம். போன் தரையில் கிடந்தது. அதிலிருந்து தனம், "மூச்சு இருக்கா? இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரமோ, அரை மணியோ, எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் கங்காணி என் விரலை நக்கியது. பிறகு கடித்தது, நல்ல கடி. அந்த விரலைத் தூக்கிப் போனில் காட்டினேன், ஏதோ கப்பு வாங்கியவன்போல. அக்கா கோழியைக் கொண்டுவந்து வைத்தார். நான்கைந்து நார் தின்றது. மறுநாள் வைத்தியர், "சாப்பாடு பாத்து ஊசி சொன்னேன்தானே" என்று சொல்லிவிட்டு, சுகமாகும்வரை ஒரு கோடாகக் குறைத்தார். நான் தலையைத் தூக்கவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதோடு முடியவில்லை. சாயங்காலம் தனம் கூப்பிட்டாள். கேட்பதற்கு முன்னமே தட்டைப் போன் பக்கம் நீட்டினேன். "பாரு, இவ்வளவுதான் மிச்சம். சத்தியமா சாப்ட்டுச்சு."

அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு, "நானும் பொய்தாங்க சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"சாப்ட்டேன் சாப்ட்டேன்னு தினமும் சொன்னேன்ல. பெரிய மேடத்தோட மகன் பொண்டாட்டி வந்ததுலருந்து சமையக்கட்டப் பூட்டிட்டுத்தான் போவா. காலைல தேத்தண்ணி. மூணு மணிக்கு மேல, அவுக சாப்ட்ட மிச்சம் இருந்தா உண்டு. நீங்க பயந்து சாவீங்கன்னு சொல்லல."

"எவ்வளவு நாளா?"

"ஏழு மாசம்."

நான் அழுதேனா, கோபப்பட்டேனா, ஞாபகமில்லை. அவள் சொன்ன அடுத்த வார்த்தை மட்டும் ஞாபகமிருக்கிறது. "பூனையப் பத்திக் காலைல சொன்ன பொய் மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சிருச்சு, பாத்தீங்களா" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். போனை முகத்துக்குக் கிட்டே பிடித்தே பேசுவாள், எப்போதும். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான், "கொஞ்சம் தள்ளிப் பிடி" என்றேன். தள்ளிப் பிடித்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

அவளை அனுப்பிய ஏஜன்சிக்கு நடந்தேன். படிக்காதவன், எழுதிக் கொடுக்கத் தெரியாது. ஆனால் வாசலில் உட்கார்ந்திருக்கத் தெரியும். நாலு மாசம் உட்கார்ந்தேன். வந்து சேர்ந்தாள். அவள் சட்டையை எல்லாம் பாக்கியம் அக்கா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். கங்காணி அவள் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத ஆளைப்போல இரண்டு நாள் எட்டி நின்றது. மூன்றாம் நாள் மடியில் ஏறிப் படுத்தது. அதற்குப் பிறகு ஒன்றரை வருசம் இருந்தது. ஊசியைத் தனம்தான் போட்டாள். ஒரு காலையில் லயத்தின் கோடிவரை நடந்து போய், அங்கே வெயில் பட்ட சிமெந்தில் படுத்தது. எழுந்திருக்கவில்லை. நோயால் இல்லை, வயசாகிவிட்டது என்றார் வைத்தியர். அவர் சொன்னதை நம்பலாமென்று இருக்கிறேன்.

இப்போது பாக்கியம் அக்கா மகனோடு வெலிமடையில் இருக்கிறார். ஏஜன்சி இருந்த இடத்தில் போன் திருத்தும் கடை. தனி வீடு பாதிச் சுவரோடு நிற்கிறது. என்றைக்காவது எழும்பும், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆச்சரியம்தான், நான் கவலைப்படாத ஒரே விசயம் அது.

என்னிடமிருந்து போய்விட்டது என்றால் ஒன்றுதான். அவள் அங்கே இருந்தபோது, "சாப்ட்டேன்" என்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும். விளக்கை அணைத்துவிட்டு விடியும்வரை தூங்குவேன். இவ்வளவு பயந்த எனக்கே அந்த வார்த்தை மேல் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தத் தூக்கம் திரும்ப வரவில்லை. இன்றைக்கும் கடையிலிருந்து மத்தியானம் கூப்பிட்டால், "சாப்ட்டேங்க" என்பாள். சரி என்று வைத்துவிடுவேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றுமுன்னே சோற்றுப்பானை மூடியைத் திறந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பேன். அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினேன். அவள் வாசலில் குந்தி, என் கடைப் பையைத் திறந்து, நான் கொண்டுபோன சோற்றுப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.