ஒண்ணுக்கு வராத கோபம்

திருவிடந்தைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் டிப்பர் லாரி ஓட்டிப் பிழைத்த சடையப்பனுக்கு, ஐம்பத்தெட்டு வயதில் ஒண்ணுக்குப் போவதே பெரும்பாடாகிவிட்டது. வண்டியை ஓரங்கட்டி நின்றால் சொட்டுச் சொட்டாக வரும். ஏறி உட்கார்ந்ததும் மறுபடி முட்டும். வெளியே சொல்ல வெட்கம். உடம்புச் சூடு என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் சாயங்காலமானால் பிராந்தியும் உப்பும் காரமுமாக வறுத்த ஆட்டுக்கறியும் தவறாமல் உள்ளே தள்ளினார்.

ஒருநாள் ஜல்லி ஏற்றும் இடத்தில் இன்னொரு டிரைவரான ஹரிஹரன் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "அண்ணாத்த போய்ட்டு வர்றதுக்குள்ள நாம நாஸ்தா துன்னுட்டு வந்துடலாம்."

சிரிப்பு அடங்குவதற்குள் சடையப்பன் வீல் ஸ்பானரை எடுத்து ஓங்கி அடித்துவிட்டார். ஹரிஹரனின் தோள் எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. விழுந்தவனை மறுபடி அடிக்கப் போனபோது மற்றவர்கள் அவரைப் புழுதியில் தள்ளி மிதித்தார்கள். உதடு கிழிந்தது, பல் போயிற்று. போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கையில் அடிவயிறு கல்லாக இறுகியது. ஒரு சொட்டும் இறங்கவில்லை. வலியில் சுவரில் தலையை மோதிக்கொண்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டியூப் போட்ட டாக்டர் வைஷாலி, புரோஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்திருக்கிறது என்றார். பிறகு செய்த பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. சாப்பாட்டால் மட்டும் வந்த நோயுமல்ல, சாப்பாட்டால் மட்டும் தீரக்கூடியதுமல்ல. மாத்திரை போட வேண்டும், பிராந்தியை விட வேண்டும், கறியையும் உப்பையும் குறைத்துக் காய், கீரை, பழம் சேர்க்க வேண்டும் என்று விளக்கினார்.

ஜாமீனில் வந்தவருக்கு மனைவி கன்னியம்மா அப்படியே சமைத்துப் போட்டாள். முருங்கைக்கீரையையும் சுரைக்காய்க் கூட்டையும் பார்த்ததும் தட்டைத் தூக்கி எறிந்தார். விளிம்பு அவள் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் வழிய, அவள் காய் நறுக்கும் கத்தியோடு வந்து நின்றாள்.

"ஒண்ணுக்கு வரலன்னா அது நோவு. அதுக்கு மாத்திர கீது. என்ன அடிக்கிறதுக்கு இன்னா மாத்திர கீது? இன்னொரு தபா கை தூக்குன, அறுத்துடுவேன்."

அன்றே ஊரப்பாக்கத்தில் இருக்கும் தங்கை ராஜம் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சடையப்பன் வீம்புக்குப் பாட்டிலைத் திறந்தார். மாத்திரையைத் தொடவில்லை. சீக்கிரமே மறுபடி அடைத்துக்கொண்டது. வாசலில் புரண்டு கதவை உதைத்துக்கொண்டிருந்தவரை அக்கம்பக்கத்தார் ஆட்டோவில் ஏற்றினார்கள். வலி தாங்காமல், தன்னைப் பிடித்திருந்த ஒருவரின் கையையே கடித்துவிட்டார். இந்த முறை டியூபில் ரத்தமும் வந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று.

கன்னியம்மா பார்க்க வந்தாள், புருவத்தில் தையலோடு. அவரால் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிக் கேட்டார்.

"மாட்டேன். ஒன்னப் பாத்தா இப்பவும் கை காலு ஒதறுது," என்றாள். கொண்டுவந்த கஞ்சியை மேசையில் வைத்துவிட்டு பஸ் பிடிக்கப் போனாள்.

இப்போது அவருக்கு லாரி வேலை இல்லை. ஹரிஹரனின் கை தோளுக்கு மேல் எழுவதில்லை. வழக்கு செங்கல்பட்டு கோர்ட்டில் நடக்கிறது. ஒண்ணுக்குத் தடையில்லாமல் போகிறது. பிராந்தியை விட்டுவிட்டார். கீரையை அவரே ஆய்ந்து, அவரே கடைந்து, தனியாகச் சாப்பிடுகிறார். கன்னியம்மா இன்னும் ஊரப்பாக்கத்தில்தான் இருக்கிறாள்.